கரண்டை நாமே பிடுங்குவோம்: சேமிப்பு மென்பொருளைச் சோதிப்பதும் திருத்துவதும்

பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகம் பயன்படுத்தும் சேமிப்பு மென்பொருளில் பிழை கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எட்டு ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப்பும் அதில் ஒரு லினக்ஸும் இருந்தால் போதும். டேட்டா சென்டர் தேவையில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டிங் யுவான் குழு கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்து மென்பொருள்களில் பயனர்கள் புகார் செய்த 198 பழுதுகளை எடுத்து ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டது. ஆயிரம் கணினிகளில் ஓடுவதற்காக எழுதப்பட்டவை இவை. ஆனாலும் 98 சதவீதப் பழுதுகளை வரவழைக்க மூன்று கணினிகளுக்கு மேல் தேவைப்படவில்லை. மூன்று மெய்நிகர் கணினிகளை உங்கள் லேப்டாப் தாங்கும்.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. மொத்த அமைப்பும் படுத்துப்போன பெரும் பழுதுகளில் 92 சதவீதத்துக்குக் காரணம், சின்னப் பிழைச் செய்தி ஒன்றைச் சரியாகக் கையாளாதது. செய்தி ஒழுங்காக வந்திருக்கிறது. வந்தால் என்ன செய்வது என்று எழுதிய நாலு வரிதான் தப்பு. அந்த நாலு வரியை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. டிஸ்க் பழுதானால்தான் ஓடும், கரண்ட் போனால்தான் ஓடும் என்று அது மூலையில் கிடக்கும். அதை வேண்டுமென்றே ஓட வைப்பதுதான் நம் வேலை.

எழுதிவிட்டேன் என்றால் எழுதியதாகுமா

ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியில் வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது கணக்கு முதலில் துண்டுச்சீட்டில்தான் ஏறும். பேரேட்டுக்குப் பிறகு போகும். லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான். ஒரு புரோகிராம் 'ரைட்' என்று அழைத்து, வெற்றி என்று பதில் வாங்கினால், தரவு மெமரிக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். டிஸ்குக்குப் போகச் சாதாரண அமைப்பில் முப்பது விநாடிகூட ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் சீட்டு பறந்துவிடும். இப்போதே டிஸ்கில் ஏற்று என்று கட்டாயப்படுத்தும் அழைப்புக்கு எஃப்சிங்க் என்று பெயர். அது வெற்றி என்று திரும்பிய பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று பயனருக்குச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும் எளிது என்று தோன்றும். எளிதில்லை. புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கினால் அந்த ஃபைலுக்கு எஃப்சிங்க் போட்டால் மட்டும் போதாது, அது இருக்கும் கோப்புறைக்கும் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளடக்கம் டிஸ்கில் இருக்கும், பெயர் இல்லாமல் போகலாம். பழைய ஃபைலைப் புதியதால் மாற்றுவதற்கு ஒழுங்கான முறை இது: தற்காலிகப் பெயரில் எழுது, எஃப்சிங்க் போடு, பெயர் மாற்று, கோப்புறைக்கு எஃப்சிங்க் போடு. நடுவில் ஒரு படியை விட்டாலும் நாள்கணக்கில் எதுவும் தெரியாது.

2009 தொடக்கத்தில், ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த நேரத்தில், உபுண்டுவின் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள் கணினி திடீரென்று நின்று எழுந்த பிறகு தங்கள் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடப்பதைக் கண்டார்கள். புரோகிராம்கள் எஃப்சிங்க் போடவில்லை. பழைய ஈஎக்ஸ்டி3-ல் அந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்தது. தப்பு உங்களுடையது என்று ஃபைல் சிஸ்டம் தரப்பும், இத்தனை நாள் ஓடியதே என்று புரோகிராம் தரப்பும் வாதாடின. கடைசியில் ஈஎக்ஸ்டி4-ஐப் பராமரித்த தியடோர் சோ, விதிப்படி தன் பக்கமே சரி என்று சொல்லிக்கொண்டே, பெயர் மாற்றும் வழக்கத்துக்குக் கெர்னலிலேயே ஒரு பாதுகாப்பையும் போட்டுக்கொடுத்தார். என் பார்வையில் அதுதான் முறை. விதியில் ஜெயித்து என்ன, ஆளின் கோப்பு போய்விட்டதே.

இந்தக் குழப்பம் எவ்வளவு பரவலானது என்று அளந்து காட்டியது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்திலிருந்து வந்த 2014 ஆய்வு. தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலானோர் செய்தது. பெயர்களைப் படித்தால் தூரத்து வேலை என்று தோன்றாது. ஆலிஸ் என்றொரு கருவி செய்து, எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ், கிட், ஜூகீப்பர் உட்படப் பதினொரு மென்பொருள்களை அதில் போட்டுப் பார்த்தார்கள். கணினி திடீரென நின்றால் தரவு கெடக்கூடிய இடங்கள் அறுபது கிடைத்தன. கிட் அநேகமாக எல்லா டெவலப்பர்களின் கணினியிலும் இருப்பது. அதிலேயே இருந்தது.

கில் அடித்தால் போதாது

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் சோதனை, புரோகிராம் ஓடும்போது 'கில்' கட்டளையால் அதை ஒரேயடியாகக் கொன்றுவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பது. செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் தேறினால் கரண்ட் போனாலும் தேறும் என்று நினைக்காதீர்கள். செத்தது புரோகிராம் மட்டும். கெர்னல் உயிரோடு இருக்கிறது, துண்டுச்சீட்டெல்லாம் அதன் கையில் பத்திரமாக இருக்கிறது. எஃப்சிங்கே போடாத புரோகிராம்கூட இதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

கெர்னலோடு சேர்த்துக் கொல்ல வேண்டும். அதற்கு மெய்நிகர் கணினிதான் வசதி. கியூஎமு போன்ற ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதற்குள் சோதிக்கும் மென்பொருளை ஓட்டி, வெளியிலிருந்து கியூஎமுவையே கொன்றுவிடுங்கள். உள்ளே இருந்த மெமரி முழுவதும் போய்விடும். டிஸ்க் ஃபைலுக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் மிஞ்சும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு ராத்திரியில் முந்நூறு தடவை பிடுங்கலாம். உங்கள் நிஜக் கணினியின் பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் பாழாகலாம், கிடைக்கும் தகவலும் குறைவு.

இந்தச் சோதனையில் பலரும் கோட்டை விடுவது சாட்சியில். எந்தப் பதிவு சேமிக்கப்பட்டது என்ற கணக்கை அதே கணினிக்குள் வைத்தால், கரண்டோடு அந்தக் கணக்கும் போய்விடும். சாட்சி வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் 1, 2, 3 என்று வரிசை எண்ணோடும் செக்சம்மோடும் (உள்ளடக்கம் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பதிவுகளை எழுதட்டும். 'சேமித்தாயிற்று' என்று மென்பொருள் பதில் தந்தவுடன் அந்த எண்ணை நெட்வொர்க் வழியாகவோ சீரியல் போர்ட் வழியாகவோ வெளிக் கணினிக்கு அனுப்பட்டும். வெளியே உள்ள ஸ்கிரிப்ட் அதைக் குறித்துக்கொண்டு, ஏதோ ஒரு கணத்தில் உள்ளே இருப்பதைக் கொல்லட்டும். மீண்டும் எழுப்பியதும் பார்க்க வேண்டியவை: மென்பொருள் யார் தயவும் இல்லாமல் தானாக எழுந்ததா, வெளியே குறித்த கடைசி எண் வரை எல்லாம் உள்ளே இருக்கிறதா, எந்தப் பதிவாவது பாதியாக நிற்கிறதா, அழித்த பதிவு ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா. கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. அழித்தது உயிர்த்து வருவதும் தரவு இழப்புக்குச் சமமான பிழைதான்.

குறித்த எண்ணுக்கு மேல் ஒன்றிரண்டு பதிவுகள் உள்ளே இருந்தால் பதற வேண்டாம். எழுதி முடித்து, பதில் வெளியே வருவதற்குள் கரண்ட் போயிருக்கும். அது பிழை ஆகாது. கொல்லும் நேரத்தைத் தற்செயலாக வைத்தாலும், அந்த நேரத்தை லாகில் எழுதிவைக்க மறக்காதீர்கள். பிழை அகப்பட்டால் அதே நேரத்தை மீண்டும் முயல அதுதான் பிடி.

மெய்நிகர் கணினி முறைக்கும் ஒரு எல்லை உண்டு. உள்ளிருந்து வெளியேறிய எழுத்தெல்லாம் உங்கள் நிஜக் கணினியின் மெமரியில் பத்திரமாகிவிடுவதால், டிஸ்க் தன் சொந்த கேஷில் இருப்பதை இழக்கும் வகைப் பழுது இதில் வராது. ஃபைல் சிஸ்டத்தையே சோதிப்பவர்களுக்கு அது முக்கியம். அவர்களுக்குக் கெர்னலில் டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற அடுக்கு இருக்கிறது. டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் வரிசையாகப் பதிந்து வைத்து, எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் நிறுத்தி, அந்தக் கணத்தில் டிஸ்க் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும். விஜய் சிதம்பரம் பின்னர் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நடத்திய குழு, ஜெயஸ்ரீ மோகன் முதலானோர், இதே எண்ணத்தில் கிராஷ்மங்கி என்ற கருவியைச் செய்து 2018-ல் வெளியிட்டார்கள். முன்பே தெரிந்த பிழைகளை ஆராய்ந்ததில், பெரும்பாலானவற்றை வரவழைக்க, புதிதாக உண்டாக்கிய காலி ஃபைல் சிஸ்டத்தில் மூன்றுக்கு மேல் செயல்கள் தேவைப்படவில்லை என்று கண்டார்கள். உடனே அந்தச் சின்னச் செயல்களின் கூட்டுகளை ஒன்றுவிடாமல் கருவியால் ஓட்டினார்கள். பலகாலமாகப் புழங்கும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் புதிதாகப் பத்துப் பிழைகள். அவற்றில் ஏழு 2014 முதலே கெர்னலில் இருந்தவை. சின்ன சோதனை என்று எதையும் கேவலமாக எண்ண வேண்டியதில்லை.

இல்லாத பழுதை உண்டாக்குதல்

கரண்ட் வெட்டுக்கு அடுத்தது பிழைச் செய்திகள். ஸ்ட்ரேஸ் என்ற கருவியில் 'இன்ஜெக்ட்' என்றொரு வசதி உண்டு. மூன்றாவது எஃப்சிங்க் அழைப்புக்கு மட்டும் டிஸ்க் பழுது என்று பதில் கொடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். மென்பொருளின் மூல நிரலைத் தொடவே வேண்டாம். மூன்றுக்குப் பதில் நான்கு, ஐந்து என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போனால், அழைப்பு வரும் ஒவ்வொரு இடமும் ஒருமுறை பழுதாகிப் பார்த்துவிடும். எஸ்க்யூலைட் குழு இதே முறையை, அதாவது முதல் அழைப்பு தோற்றால் என்ன, இரண்டாவது தோற்றால் என்ன என்று வரிசையாகப் போவதை, தங்கள் சோதனைகளில் வழக்கமாகவே வைத்திருக்கிறது. மென்பொருளின் நிரலைப்போல் சுமார் 590 மடங்கு சோதனை நிரல் அவர்களிடம் இருக்கிறது. உங்கள் போனில் அது ஓடிக்கொண்டிருப்பது இந்தப் பிடிவாதத்தால்தான்.

எஃப்சிங்க் தோற்றால் என்ன செய்ய வேண்டும்? மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் ஒரு நிஜப் பழுதைத் துருவிப் பார்த்து, மற்ற டெவலப்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்த விஷயம் இது: லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றதும், எழுதப்படாத அந்தப் பக்கங்களைக் கெர்னல் 'எழுதியாயிற்று' என்றே குறித்துவிடக்கூடும். இரண்டாம் முறை அழைத்தால் வெற்றி என்று பதில் வரும். தரவு டிஸ்கில் இருக்காது. இருபதாண்டு வயதான, உலகமே நம்பிய தரவுத்தளம் அந்தப் பொய் வெற்றியை நம்பிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில் திருத்தினார்கள். திருத்தம் இதுதான்: எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் முயலாதே, உடனே விழுந்துவிடு, எழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த லாகிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுது. நம்பகமான மென்பொருள் விழவே கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். தெரியாமல் தொடர்வதைவிட விழுவது மேல்.

டிஸ்க் நிறைந்துபோகும் சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள், செலவே இல்லை. 64 எம்பி அளவில் ஒரு ஃபைலை லூப் டிவைஸாக்கி, அதில் மென்பொருளை ஓட்டி நிரம்ப விடுங்கள். பிறகு கொஞ்சம் இடத்தைக் காலி செய்து, தானாகச் சரியாகிறதா என்று பாருங்கள். நிரம்பும்போது ஒழுங்காக நிற்கிற மென்பொருள்கள் பல, இடம் கிடைத்த பிறகு எழுவதில்லை. சில விநாடி நன்றாக இயங்கி, சில விநாடி எழுத்தை விழுங்கிவிடும் டிஸ்க் வேண்டுமானால் டிஎம்-ஃபிளேக்கி இருக்கிறது.

பைட் கெடுவது கொஞ்சம் வேறு ரகம். டிஸ்க் பழுது என்று சொல்லாது. தப்பான தரவைச் சரி என்றே தரும். அரிது என்று தள்ளிவிடுவார்கள். லட்சுமி பைரவசுந்தரம் குழு நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் டிஸ்குகளின் 41 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கணக்கில், செக்சம் பொருந்தாத நிகழ்வுகள் நாலு லட்சத்துக்கு மேல். நீங்கள் செய்ய வேண்டியது: மென்பொருளை நிறுத்தி, தரவு ஃபைலில் நடுவே ஒரு பைட்டை மாற்றி, மீண்டும் ஓட்டுவது. கெட்டது என்று சொல்ல வேண்டும், அல்லது வேறு நகலிலிருந்து எடுத்துத் தர வேண்டும். கெட்டதையே நல்லதாகத் தந்தால் பிழை. இரண்டு மூன்று நகல் வைத்திருக்கிறோம், கவலையில்லை என்பவர்களுக்கு ஐஸ்வர்யா கணேசன், ராம்நாத்தன் அழகப்பன் குழு 2017-ல் பதில் சொல்லிவிட்டது. ரெடிஸ், காஃப்கா, மாங்கோடிபி உட்பட எட்டு அமைப்புகளில், ஒரே ஒரு கணினியில் ஒரே ஒரு ஃபைல் பழுதை வைத்தாலும் தரவு இழப்பு வரை போகலாம் என்று காட்டினார்கள். சில இடங்களில் கெட்ட நகல் நல்ல நகல்களின்மேல் ஏறி உட்கார்ந்தது.

கிளஸ்டர் தந்த பாடம்

நகல் பிரச்சினையைக் கையால் தொட்டுப் பார்க்க கிளஸ்டர்எஃப்எஸ் நல்ல இடம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, 2004 ஜூனில் உலகத்தின் இரண்டாவது வேகமான கணினியாக இருந்த தண்டர் சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியதில் முக்கியப் பங்கு வகித்தவர். பிறகு 2005-ல் தொடங்கியது கிளஸ்டர். சாதாரணக் கணினிகளின் டிஸ்குகளைக் கோத்து ஒரே பெரிய ஃபைல் சிஸ்டமாக்கும் கட்டற்ற மென்பொருள் அது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2011-ல் ரெட் ஹேட் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. பெரியசாமி பின்னர் மினியோ என்ற சேமிப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்கு ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, படிக்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் குறைவு.

கிளஸ்டரில் தரவு இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பிரிக் என்று பெயர். இரண்டு பிரிக்கில் நகல் வைத்திருக்கிறீர்கள். முதல் பிரிக் படுத்துவிட்டது, இரண்டாவதில் எழுதுகிறீர்கள். 'முதலாவது பின்தங்கியிருக்கிறது' என்று இரண்டாவது தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும். முதலாவது எழுந்து, சரிசெய்துகொள்வதற்கு முன்பே இரண்டாவது படுத்துவிட்டது. இப்போது முதலாவதில் எழுதுகிறீர்கள். அது இரண்டாவதைப் பின்தங்கியது என்று குறிக்கும். இரண்டும் எழுந்ததும் ஒன்றையொன்று குற்றம் சாட்டும். எது சரி என்று மென்பொருளால் சொல்ல முடியாது. ஃபைலைத் திறந்தால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று வரும். ஸ்ப்ளிட்-பிரெயின் என்பது இதுதான். இன்வெர்ட்டர் ஒரு அறையில், கரண்ட் இன்னொரு அறையில் என்று இருக்கும் சின்ன அலுவலகத்தில் இது ஒரு மதியத்தில் நடந்துவிடும்.

இதற்கு நிரல் திருத்தத்தால் முழுத் தீர்வு கிடையாது, வடிவமைப்பு மாற வேண்டியிருந்தது. பெரிய ஃபைலை எடு, கடைசியாக மாறியதை எடு, இந்தப் பிரிக்கை எடு என்று நிர்வாகி தீர்ப்புச் சொல்லும் கட்டளைகள் 3.7 பதிப்பு முதல் வந்தன. அதே பதிப்பில் ஆர்பிட்டர் என்ற மூன்றாவது பிரிக்கும் வந்தது. அதில் தரவு இருக்காது, பெயர்களும் குறிப்புகளும் மட்டும். பெரும்பான்மை பார்க்க அது போதும், டிஸ்க் செலவு குறைவு. இப்போது இரண்டு நகல் மட்டும் கேட்டால் கிளஸ்டர் முதலில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஒய்' அழுத்துபவர்களுக்கு மென்பொருள் பொறுப்பில்லை.

கிளஸ்டர் ரிப்போவில் 'டெஸ்ட்ஸ்' கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட். ஒரே கணினியில் பல பிரிக்குகளை உண்டாக்கும், ஒன்றைக் கொல்லும், எழுதும், எழுப்பும், சரிபார்க்கும். 'பக்ஸ்' என்ற உள்கோப்புறையில் பழைய பிழைகளின் எண்ணே பெயராகப் பல ஸ்கிரிப்டுகள் உள்ளன. அவற்றில் வரும் 'எக்ஸ்பெக்ட் விதின்' என்ற வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து விநாடி தூங்கிவிட்டுப் பார் என்று எழுதாமல், அதிகபட்சம் இத்தனை விநாடிக்குள் இந்த நிலை வர வேண்டும் என்று எழுதுவார்கள். தூங்கிப் பார்க்கும் சோதனை வேகமான கணினியில் தேறும், உங்கள் பழைய லேப்டாப்பில் தோற்கும். பிறகு யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

புகாரும் திருத்தமும்

பிழை கிடைத்துவிட்டது. உடனே புகார் எழுதாதீர்கள், முதலில் சுருக்குங்கள். இருநூறு வரிச் சோதனையில் பாதியை வெட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதா, இன்னும் வெட்டுங்கள். கடைசியில் பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்ட் மிஞ்சும். அதை, மென்பொருள் பதிப்பு, கெர்னல் பதிப்பு, ஃபைல் சிஸ்டம் பெயர், எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றோடு அனுப்புங்கள். பத்து ஓட்டத்தில் மூன்று முறைதான் வருகிறது என்றால் அப்படியே எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்க வேண்டாம். ஓடும் ஸ்கிரிப்ட் இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. 'டேட்டா போச்சு, அவசரம்' என்று மட்டும் எழுதிய புகார்கள் வருஷக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும்.

முன்பு வராத பிழை என்றால் கிட் பைசெக்ட் குற்றவாளியைக் காட்டிவிடும். நல்ல பதிப்பு ஒன்றையும் கெட்ட பதிப்பு ஒன்றையும் சொன்னால் நடுவில் பாதியாய்ப் பாதியாய் வெட்டிக்கொண்டு போகும். ஆயிரம் கமிட்டில் பத்துத் தடவை ஓட்டினால் போதும். ஸ்கிரிப்ட் பூஜ்யம் திருப்பினால் நல்லது, ஒன்று என்றால் கெட்டது, கம்பைலே ஆகவில்லை என்றால் 125 என்று திருப்பித் தாண்டச் சொல்லுங்கள். இரவில் ஓட விட்டுத் தூங்கலாம். எப்போதாவது மட்டும் வரும் பிழைக்கு, ஒவ்வொரு படியிலும் ஸ்கிரிப்டை இருபது முப்பது முறை ஓட்ட வேண்டும். ஒருமுறை தேறியதை நம்பி 'நல்லது' என்றால் அப்பாவி கமிட் மாட்டிக்கொள்ளும்.

திருத்தும்போது சோதனையை முதலில் எழுதுங்கள். திருத்தம் இல்லாமல் அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள், பிறகு திருத்துங்கள், தேறுவதைப் பாருங்கள். தோற்றே பார்க்காத சோதனையால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் திருத்தம் சின்னதாக இருக்கும்: பார்க்காமல் விட்ட ஒரு திரும்பு மதிப்பு, மறந்த ஒரு கோப்புறை எஃப்சிங்க், பாதி எழுதி நின்றதைக் கவனிக்காத ஒரு 'ரைட்'. சின்னதாகவே அனுப்புங்கள். அதோடு சேர்த்து இடைவெளி ஒழுங்கு, பெயர் மாற்றம் என்று எதையும் செருகாதீர்கள். படிப்பவருக்குச் சந்தேகம் வரும், வர வேண்டும். எஃப்சிங்க் சேர்த்தால் வேகம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று எஃப்ஐஓ என்ற வேகம் அளக்கும் கருவியை வைத்து அளந்து நீங்களே எழுதிவிட்டால் பாதி விவாதம் மிச்சம்.

திருத்தம் ஏற்கப்பட்டதும் வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். அது அடுத்த பதிப்பில்தான் சேரும். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பையோ டெபியனின் ஸ்டேபிளையோ நிறுவி மறந்துவிட்ட இ-சேவை மையத்துக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் அது வந்துசேர இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் இதைப் பேக்போர்ட் செய்ய முடியுமா என்று அதே இடத்தில் ஒரு வரி கேளுங்கள். முடிந்தால் அந்தப் பேட்சையும் நீங்களே செய்து கொடுங்கள்.